வளைந்து தெரியும் முழங்கால்: எலும்பா, நிற்கும் விதமா?

"கால் வில் மாதிரி வளைஞ்சிருக்கு" என்ற கவலையோடு வரும் இளவயதினரில் ஒரு பகுதியினருக்கு எலும்பில் எந்த வளைவும் இருப்பதில்லை. நிற்கும்போது முழங்கால் பின்பக்கமாகப் போய்ப் பூட்டிக்கொள்கிறது, தொடை உட்பக்கமாகத் திரும்புகிறது. இரண்டும் சேர்ந்து, முன்னால் நின்று பார்ப்பவருக்கு வில்லாகத் தெரிகிறது. மூட்டுகள் இயல்பிலேயே தளர்வாக அமைந்தவர்களிடம், அதாவது ஹைப்பர்மொபிலிட்டி உள்ளவர்களிடம், இதை அதிகம் காணலாம். கொழும்பில் இது கண்ணில் படுகிற இடங்கள் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்து நடன வகுப்புகள், பாடசாலை வலைப்பந்தாட்ட அணிகள், இப்போது ஜிம்கள். பட்டதும் கிடைக்கிற விளக்கம் ஒன்றுதான்: "மூட்டு லூஸ், அதுதான் கால் வளைஞ்சு போச்சு." மூட்டுத் தளர்வும் காலின் நேர்கோடும் வேறு வேறு விஷயங்கள். வேறு வேறாக அளக்க வேண்டியவை. அளந்த பிறகுதான் அவை எங்கே சந்திக்கின்றன என்று பேசலாம்.

தளர்வை எண்ணுவது

மூட்டுத் தளர்வைக் கணக்கிட உலகெங்கும் பயன்படுவது பெய்ட்டன் புள்ளி. 1964இல் கார்ட்டர், வில்கின்சன் என்ற இருவர் வகுத்த சோதனைகளை 1973இல் பெய்ட்டனும் அவருடைய சகாக்களும் திருத்தி அமைத்தார்கள். மொத்தம் 9 புள்ளிகள். சுண்டுவிரலை அடிமூட்டில் பின்னால் வளைத்தால் 90 பாகையைத் தாண்டுகிறதா, மணிக்கட்டை மடித்துப் பெருவிரலை முன்கையில் முட்ட வைக்க முடிகிறதா, முழங்கை 10 பாகைக்கு மேல் பின்னால் போகிறதா, முழங்காலும் அப்படிப் போகிறதா: இந்த நான்கையும் இடம், வலம் என்று தனித்தனியாகப் பார்த்து 8 புள்ளி. முழங்காலை மடிக்காமல் குனிந்து உள்ளங்கை இரண்டையும் தரையில் தட்டையாக வைக்க முடிந்தால் 9ஆவது.

2017இல் வெளியான சர்வதேச வகைப்பாட்டின்படி, பூப்பெய்தாத பிள்ளைகளுக்கு 6, அதன் பிறகு 50 வயது வரை 5, அதற்கு மேல் 4 புள்ளி இருந்தால் பொதுவான மூட்டுத் தளர்வு என்று கொள்ளலாம். ஒரு புள்ளி குறைந்து நிற்பவர்களிடம் ஐந்து கேள்விகள் கேட்பார்கள்: உள்ளங்கையைத் தரையில் வைக்க எப்போதாவது முடிந்ததா, பெருவிரலை முன்கையில் முட்ட முடிந்ததா, சின்ன வயதில் உடம்பை விசித்திரமாக வளைத்துக் காட்டி விளையாடியதுண்டா, தோள்மூட்டோ முழங்கால் சில்லோ ஒன்றுக்கு மேற்பட்ட தடவை விலகியதுண்டா, மூட்டு மற்றவர்களை விட வளையும் என்று நீங்களே நினைக்கிறீர்களா. இரண்டுக்கு "ஓம்" என்றால் தளர்வு உண்டு என்று கொள்ளலாம்.

ஐரோப்பியரை விட ஆசிய, ஆபிரிக்க மக்களிடமும், ஆண்களை விடப் பெண்களிடமும், மூத்தவர்களை விட இளையவர்களிடமும் இந்தத் தளர்வு அதிகம். ஆகவே கொழும்பில் 20 வயதுப் பெண் ஒருவருக்கு 5 புள்ளி வருவது தன்னளவில் ஒரு நோயின் பெயர் ஆகாது. பெரும்பாலானவர்களுக்கு வலியே இருப்பதில்லை.

அளக்கும்போது நடக்கிற தவறுகள் சில. உடற்பயிற்சி முடித்த சூட்டில் அளந்தால் புள்ளி கூடும். காலையில் எழுந்தவுடன் அளந்தால் குறையும். ஒரே ஆளை மறுபடி அளக்க வேண்டும் என்றால் அதே நேரத்தில், வார்ம் அப் செய்யாமல் அளக்க வேண்டும். குனிந்து தரையைத் தொடும் சோதனையில் நடன, யோகாப் பயிற்சியினால் வந்த நெகிழ்வுக்கும் புள்ளி கிடைத்துவிடும். அது பிறவித் தளர்வாக இருக்க வேண்டியதில்லை. இன்னொன்று: விரலும் பெருவிரலும் மட்டும் 4 புள்ளி தந்துவிடும். 6 புள்ளி வாங்கிய ஒருவருக்கு முழங்கால் சாதாரணமாக இருக்கலாம். 3 புள்ளிக்காரருக்கு இரண்டு முழங்காலும் 15 பாகை பின்னால் போகலாம். முழங்காலைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் முழங்காலைத்தான் அளக்க வேண்டும்.

அதற்கு மல்லாந்து படுக்க வைத்து, குதிக்காலின் கீழே சுருட்டிய துவாய் ஒன்றை வைத்து, முழங்கால் தானாகக் கீழே தொங்க இடம் கொடுக்க வேண்டும். கோணமானியின் நடுப்புள்ளி முழங்காலின் வெளிப்பக்க எலும்பு மேட்டில், அதன் ஒரு சட்டம் தொடையின் மேல் வெளிப்பக்கத்தில் தட்டுப்படும் மேட்டை நோக்கி, மறு சட்டம் வெளிக் கணுக்கால் எலும்பை நோக்கி. துவாய் வைக்காமல் கட்டிலில் தட்டையாக அளந்தால், மெத்தை முழங்காலைத் தாங்கிப் பிடித்து அளவைக் குறைத்துக் காட்டும்.

நேர்கோட்டை அளப்பது

பிறக்கும்போது எல்லாக் குழந்தைகளுக்கும் கால் வில்லாகத்தான் இருக்கும். 2 வயதை ஒட்டி நேராகி, 3, 4 வயதில் முழங்கால்கள் இடிக்கும் நிலைக்குப் போய், 7 வயதளவில் பெரியவர்களின் அமைப்புக்கு வந்துவிடும். அதன் பிறகும் எல்லோருக்கும் கால் அளவுகோல் போல் நேராக இருப்பதில்லை. பெல்ஜியத்தில் 20 முதல் 27 வயது வரையான சுகதேகிகள் 250 பேரை முழுக்கால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து 2012இல் வெளியான ஆய்வில், ஆண்களில் 32 சதவீதத்தினருக்கும் பெண்களில் 17 சதவீதத்தினருக்கும் 3 பாகை அல்லது அதற்கு மேல் வில்வளைவு இருந்தது. வலியோ நோயோ இல்லாதவர்கள் அவர்கள். "சாதாரணம்" என்று நாம் மனதில் வைத்திருக்கும் கால், சாதாரணமானவர்களிலேயே பலருக்குக் கிடையாது.

எக்ஸ்ரே இல்லாமல் கிளினிக்கில் அளப்பது கியூ கோணம். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து சில்லின் நடுவுக்கு ஒரு கோடு, சில்லின் நடுவிலிருந்து அதற்குக் கீழே கணைக்கால் எலும்பில் தட்டுப்படும் மேட்டுக்கு இன்னொரு கோடு; இரண்டுக்கும் இடையே உள்ள கோணம். ஆண்களுக்குச் சுமார் 14, பெண்களுக்குச் சுமார் 17 பாகை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. 3 பாகை கூடக் குறைய இருக்கலாம்.

இந்த அளவுக்கு நம் துறையில் கிடைக்கிற மரியாதை கொஞ்சம் அதிகம் என்றே சொல்ல வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கீழ்க்கோட்டின் நீளம் ஏறக்குறைய 7 சென்ரிமீற்றர். கணைக்கால் மேட்டில் பேனாவால் போடும் புள்ளி 5 மில்லிமீற்றர் பக்கவாட்டில் விலகினால் கோணம் 4 பாகை மாறிவிடும். மேற்கோடு 40 சென்ரிமீற்றருக்குக் குறையாத நீளம் என்பதால், இடுப்பு முனையில் அதே 5 மில்லிமீற்றர் பிழை 1 பாகையைக்கூட எட்டாது. இரண்டு பேர் அளந்து 13, 17 என்று வந்தால் அது காலில் உள்ள வித்தியாசமாகவும் இருக்கலாம், பேனாவில் உள்ள வித்தியாசமாகவும் இருக்கலாம். முன்தொடைத் தசையை இறுக்கினால் சில்லு மேலேயும் வெளியேயும் இழுபட்டுக் கோணம் குறையும். இதனால் ஒரு வேடிக்கை நடக்கும்: சில்லு ஏற்கெனவே வெளிப்பக்கமாகச் சரிந்துள்ள, பிரச்சினை கூடிய முழங்காலில் கியூ கோணம் அழகாகச் சின்னதாக வரும். நின்று அளந்ததா, படுத்து அளந்ததா, தசை தளர்வாக இருந்ததா என்று குறிக்காத கியூ கோணம் வெறும் இலக்கம்தான்.

இரண்டும் சந்திக்கிற இடம்

மூட்டுத் தளர்வு உள்ளவர்களுக்கு முழங்கால் கோணமும் மாறி இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வுகளை வாசிக்கும்போது ஒரு கண்ணியைக் கவனிக்க வேண்டும். பெய்ட்டனின் 9 புள்ளியில் 2 புள்ளி முழங்கால் பின்னால் போவதற்கே கொடுக்கப்படுகிறது. "பெய்ட்டன் கூடியவர்களுக்கு முழங்கால் பின்வளைவும் கூட" என்ற முடிவு, ஒரு பொருளை அதனோடேயே ஒப்பிட்டுப் பெற்ற முடிவு. அந்த 2 புள்ளியைக் கழித்துவிட்டு ஒப்பிட்டிருக்கிறார்களா என்று பார்த்த பிறகே அதற்கு மதிப்புக் கொடுக்கலாம். அதோடு, ஒரே நாளில் இரண்டையும் அளந்த ஆய்வு எதுவும் ஒன்று மற்றதை உண்டாக்கியது என்று காட்ட முடியாது.

உண்மையான தொடர்பு இயக்கத்தில் இருக்கிறது. சாதாரணமாக நிற்கும்போது உடம்பின் பாரக்கோடு முழங்காலுக்குச் சற்று முன்னால் இறங்கும். முழங்கால் பின்னால் போகப் போக அந்தக் கோடு இன்னும் முன்னே போகும். முன்தொடைத் தசை வேலையை நிறுத்திவிடும். முழங்காலின் பின்பக்கச் சவ்வும் நார்களும் பாரம் முழுவதையும் தாங்கும். தசைக்கு ஓய்வு கிடைப்பதால் இப்படி நிற்பது சுகமாக இருக்கும். காலி வீதியில் 100ஆம் இலக்கப் பஸ்ஸில் பாணந்துறை வரை நின்றுகொண்டு போகிறவர், மூட்டு தளர்வானவராக இருந்தால், கொஞ்ச நேரத்தில் தன்னையறியாமல் இந்த நிலைக்கு வந்துவிடுவார். ஏற்கெனவே நீண்டுகொடுக்கும் கொலாஜன் நார் இன்னும் நீள்கிறது. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் இவர்களிடம், குறிப்பாகக் கால் நீளும் கடைசிப் பாகைகளில், மந்தமாக இருப்பதுண்டு. "நேராக நில்" என்றால் 10 பாகை தாண்டி நின்றுகொண்டு, நேராகத்தான் நிற்கிறேன் என்பார்கள். பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அப்படித்தான் தெரிகிறது.

இப்போது தொடையின் திருப்பத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தொடை உள்ளே திரும்பினால் சில்லு உட்பக்கம் பார்க்கும். முழங்காலின் பின்பக்கம் சற்று வெளிப்பக்கமாகத் திரும்பிவிடும். ஆகவே முழங்கால் பின்னால் வளையும்போது அந்த வளைவு வெளிப்பக்கமாகவும் தெரியும். பின்வளைவு 15 பாகை, உட்திருப்பம் 20 பாகை என்றால், முன்னாலிருந்து பார்க்கையில் ஏறக்குறைய 5 பாகை வில்வளைவாகத் தெரியும். எலும்பு நேராகவே இருக்கிறது.

அதே ஆள் பந்தைப் பிடிக்கத் துள்ளி இறங்கும்போது நடப்பது இதற்கு நேர்மாறு. முழங்கால் இப்போது முன்பக்கமாக மடிகிறது. தொடை உள்ளே திரும்பியே இருப்பதால் மடிப்பும் உட்பக்கமாகப் போகிறது. முழங்கால்கள் இடிப்பது போலத் தெரிகின்றன. நிற்கையில் வில், இறங்குகையில் இடிமுட்டு. வீட்டில் ஒருவர் ஒன்று சொல்ல, பயிற்றுநர் வேறொன்று சொல்வது இதனால்தான். இரண்டு பேரும் பார்த்தது சரி. இரண்டுக்கும் காரணம் இடுப்பைச் சுற்றியுள்ள தசை தொடையைத் திருப்பிப் பிடிக்காததும், கடைசிப் பாகைகளில் முழங்காலை நிறுத்தத் தெரியாததும். உடல் மோதும் விளையாட்டுகளில் மூட்டுத் தளர்வு உள்ளவர்களுக்கு முழங்கால் காயம் கூடுதலாக ஏற்படுகிறது என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான மதிப்பாய்வு காட்டியது. கணுக்காலுக்கு அந்தக் கூடுதல் காணப்படவில்லை.

வீட்டில் பிரித்துப் பார்ப்பது

சுவரோரம் வேண்டாம், வெறுந்தரையில் வெறுங்காலோடு, அரைக் காற்சட்டையில் நிற்கட்டும். கைபேசியை முழங்கால் உயரத்தில், 3 மீற்றர் தூரத்தில் ஒரு கதிரையில் சாய்த்து வைக்க வேண்டும். நின்றபடி மேலிருந்து எடுத்த படத்தில் கால்கள் கீழே குறுகித் தெரியும்.

முதல் படம்: வழக்கமாக நிற்பது போல், இரு பாதங்களும் ஒட்டி. முழங்கால்களுக்கு இடையே உள்ள இடைவெளியை அடிமட்டத்தால் அளந்து குறியுங்கள். இரண்டாவது படம்: முழங்காலை மெல்லத் தளர்த்தி, பக்கத்திலிருந்து பார்ப்பவர் "இப்போ நேர்" என்று சொல்லும் வரை கொண்டுவந்து, பிட்டத் தசையை இறுக்கி, பாதத்தை அசைக்காமல் தொடையை வெளியே திருப்பிச் சில்லுகள் நேர் முன்னே பார்க்கும்படி வைத்து, மறுபடி அளக்க வேண்டும். முழங்கால் முழுவதும் மடிந்துவிடக் கூடாது. மடிந்தால் அளவு பிழை. இடைவெளி 4 சென்ரிமீற்றரிலிருந்து 1க்கு வந்தால் பெரும்பங்கு நிற்கும் விதத்தினால் வந்தது. அசையாமல் அப்படியே நின்றால் எலும்பைப் பார்க்க வேண்டும். சில்லு முன்னே வந்ததும் பாதங்கள் இரண்டும் வலுக்கட்டாயமாக வெளியே திரும்பினால், எலும்பிலேயே முறுக்கு இருக்கலாம். அதைப் பயிற்சியால் நேராக்க முடியாது, முயலவும் வேண்டாம்.

முழங்கால் முதலில் முட்டி, கணுக்கால்கள் விலகி நின்றால் அந்த இடைவெளியை அளப்பார்கள். இணையத்தில் சுற்றுகிற 8 சென்ரிமீற்றர் எல்லை 2 முதல் 11 வயதுப் பிள்ளைகளை அளந்து வந்தது. தொடை பருத்த பெரியவருக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது.

அரைமண்டியும் நாட்டடவும்

நடனம் கற்கும் பிள்ளைகளுக்குத் தனியாகச் சில சொல்ல வேண்டும், ஏனென்றால் தளர்வான மூட்டு உள்ள பிள்ளைதான் வகுப்பில் "நல்லா வளையுது" என்று முதலில் பாராட்டு வாங்குவது. பரதத்தில் முழங்கால்களை வெளிப்பக்கமாக மடித்து நிற்கும் அரைமண்டியில் பாதம் எவ்வளவு வெளியே திரும்புகிறதோ அவ்வளவும் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு 45 பாகை கொடுக்கிறபோது பாதத்தை 70க்குத் திருப்பினால், மிச்சத்தை முழங்காலும் கணுக்காலும் முறுகித்தான் கொடுக்கும். தளர்வான முழங்கால் மறுப்புச் சொல்லாமல் கொடுத்துவிடும். இறுக்கமான பிள்ளைக்கு அங்கேயே வலித்துத் தடுத்திருக்கும். பார்க்க வேண்டியது: அரைமண்டியில் சில்லின் நடுவிலிருந்து நேர்கீழே ஒரு நூல் தொங்கவிட்டால் அது பாதத்தின் இரண்டாம் விரலில் விழ வேண்டும். பெருவிரலுக்கு உள்ளே விழுந்தால் பாதத்தைக் குறைத்துத் திருப்புங்கள். அரைமண்டி ஆழம் குறைந்தாலும் பரவாயில்லை.

நாட்டடவில் கால் நீட்டிக் குதிக்கால் பதிக்கும்போது, பின்வளைவுள்ள முழங்கால் நேர்கோட்டைத் தாண்டி "டக்" என்று பூட்டும். நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்யும் அடவு இது. சங்கீத சபைப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் முழங்காலின் பின்பக்க வலி இங்கிருந்து தொடங்கலாம். நீட்டிய காலை முழு நேருக்கு ஒரு மயிரிழை முன்னாலே நிறுத்தச் சொல்லிக்கொடுத்தால், மேடையிலிருந்து பார்ப்பவருக்கு அது நேராகத்தான் தெரியும்.

பயிற்சி

மூட்டுத் தளர்வு உள்ளவர்களுக்கு வேண்டியது நெகிழ்வு கூட்டும் பயிற்சி இல்லை. பின்தொடையை இழுத்து நீட்டுகிற ஸ்ட்ரெச்சிங் அவர்களுக்குச் சுலபமாக வரும், பிடிக்கவும் செய்யும். ஆனால் முழங்கால் பின்னால் போவதைத் தடுக்கிற தசையே அதுதான்.

முதல் இரண்டு வாரம் நேர் எது என்று உடம்புக்குத் தெரியவைப்பது. கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நின்று, முழங்காலைப் பின்னே பூட்டி, பிறகு 5 பாகை மடித்து, பிறகு நேருக்குக் கொண்டுவந்து 10 விநாடி. கண்ணை மூடி அதையே செய்து, திறந்து சரிபார்க்க வேண்டும். நாளுக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் 10 முறை. முழங்காலின் பின்னே பெருக்கல் குறி வடிவில் ஒட்டும் டேப், எலும்பைப் பிடித்து வைக்காது. பின்னே போகும்போது தோலை இழுத்து ஞாபகப்படுத்தும்.

அடுத்து பாண்ட். கடையில் வாங்கும் றப்பர் பாண்ட் இல்லாவிட்டால் பழைய சைக்கிள் டியூப் போதும். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் முழங்கால் உயரத்தில் கட்டி, மறு வளையத்தை முழங்காலின் பின்னே மாட்டி, கம்பியைப் பார்த்து நின்று, 30 பாகை மடிப்பிலிருந்து நேர் வரை நீட்டி, நேரில் 3 விநாடி நிறுத்த வேண்டும். 10 முதல் 12 வரை, மூன்று சுற்று, வாரத்துக்கு மூன்று நாள். பிழை போகும் இடம் கடைசி நொடிதான்: தசையால் நிறுத்தாமல் மூட்டைப் பூட்டி நிறுத்துவது. சில்லுக்கு மேலே விரல் வைத்துப் பார்த்தால் தெரியும். பூட்டியதும் தசை மெதுமெதுவென்று ஆகிவிடும்.

பிறகு 15 சென்ரிமீற்றர் உயரப் படியிலிருந்து ஒரு காலில் மெல்ல இறங்கி எதிர்க்குதிக்காலால் தரையைத் தொட்டு மேலே வருவது, 8 தடவை மூன்று சுற்று. கண்ணாடியில் சில்லு இரண்டாம் விரலை விட்டு உள்ளே போனால் படியின் உயரத்தைக் குறைக்க வேண்டும், எண்ணிக்கையை அல்ல. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் பயிற்சியும், ஒருக்களித்துப் படுத்து மேல்காலை உயர்த்துவதும் அதோடு சேரும். வலு கூடியது தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். மறுநாள் காலையில் முழங்கால் வீங்கியிருந்தால் முந்திய நாள் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம்.

பார்மசியில் விற்கும் முழங்கால் உறை (நீ கப்) சூடும் பிடிமானமும் தரும், கோணத்தை மாற்றாது. கால்களைச் சேர்த்துக் கட்டி நேராக்குவதாக விற்கும் பட்டிகள் வளர்ந்தவருக்கு வீண் காசு; எலும்பின் வளர்ச்சித் தட்டு மூடிய பிறகு வெளியிலிருந்து அழுத்தி வளைவை மாற்ற வழியில்லை. சத்திரசிகிச்சையில் எலும்பை வெட்டித் திருத்தலாம். அது வலியும் தேய்வும் உள்ள பெரிய வளைவுக்கு.

சில்லு திரும்பத் திரும்ப விலகுவது, வீக்கம் வந்து வந்து போவது, ஒரு கால் மட்டும் வளைவது, வளைவு வருடா வருடம் கூடுவது: இவற்றில் எதுவானாலும் அரச வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவில் காட்டி என்பியல் கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். தோல் வழக்கத்துக்கு மாறாக இழுபடுவது, தழும்பு கடதாசி போல் மெல்லியதாக அகல்வது, உயரத்தை விடக் கை விரிப்பின் நீளம் தெளிவாகக் கூடியிருப்பது, கண்வில்லை விலகல், குடும்பத்தில் இளவயதில் பெருநாடி வெடிப்பு ஆகியவை மூட்டைத் தாண்டிய விஷயங்கள். அவை வைத்திய நிபுணரிடம் போக வேண்டும், இதயப் பரிசோதனையும் வேண்டும்.

முழுக்கால் எக்ஸ்ரே எழுதித் தந்தால், படம் எடுக்கும் அறையில் முழங்காலைப் பின்னே பூட்டாமல், பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பொருட்படுத்தாமல், சில்லு நேர் முன்னே பார்க்கும்படி நிற்க வேண்டும். படம் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, சில்லின் நிழல் தொடையெலும்பின் நடுவில் விழுந்திருக்கிறதா என்பது. உட்பக்கமாக விழுந்திருந்தால் அந்தப் படத்தில் கோணம் அளக்க வேண்டாம். கண்ணாடி முன்னே தெரிந்த அதே பொய் வளைவுதான் அதிலும் பதிந்திருக்கும்.